பார்க்கிங் மரத்துக் கிராக்கிள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தினமும் கண்ணில் பட்டும் பெயர் தெரியாத பறவை எது என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பறவையைப் பற்றியவை. அதன் பெயர் கிராக்கிள். எழுதியவர்களில் பாதிப் பேர் அதன் மேல் கோபத்தில் இருக்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள் நான். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்குக் குடிவந்த பிறகு நான் அதிகம் பார்த்துக்கொண்டிருக்கும் பறவையும் இதுதான். எனவே இந்த மாதப் பக்கங்கள் முழுவதும் கிராக்கிளுக்கே.

மளிகைக்கடை பார்க்கிங் மரங்களில் பொழுது சாய்ந்தால் நூற்றுக்கணக்கில் கருப்புப் பறவைகள் வந்து அடைகின்றன. காக்கை என்கிறார் என் கணவர். காக்கைக்கு ஏது இவ்வளவு நீள வால்? கூடவே பழுப்பு நிறத்தில் இன்னொரு பறவையும் வருகிறதே, அது என்ன? (ஹூஸ்டன் வாசகி)

இரண்டும் ஒரே பறவைதான் அம்மா. கருப்பு ஆண், பழுப்பு பெண். பெருவால் கிராக்கிள் என்று சொல்லலாம். ஆண், வாலையும் சேர்த்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் வரை நீளும். அதில் கிட்டத்தட்ட பாதி வாலுக்கே போய்விடும். அந்த வாலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தட்டையாக இருக்காது, நடுவில் பள்ளமாக மடிந்து, பின்னால் இருந்து பார்த்தால் 'V' வடிவில் தெரியும். காற்று பலமாக அடிக்கும் நாளில் அந்த வாலோடு பறக்க அது படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கருப்பு என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். வெயில் நேராக விழும்போது பாருங்கள். தலையிலும் கழுத்திலும் ஊதா, முதுகில் நீலம், சிறகோரத்தில் பச்சை என்று நிறம் ஓடும். அது சாயத்தால் வரும் நிறம் அன்று. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால்தான் பறவை தலையைத் திருப்பியதும் நிறமும் மாறுகிறது. கண் வெளிர் மஞ்சள், நடுவில் கருமணி. காக்கைக்கு அந்தக் கண் கிடையாது. உங்கள் கணவரிடம் இந்த ஒரு அடையாளத்தைச் சொன்னால் போதும்.

பெண் உருவத்தில் மிகச் சிறியது. எடையில் ஆணில் பாதிதான் தேறும். முதுகு கரும்பழுப்பு, தொண்டையும் புருவமும் வெளிறிய பழுப்பு. குஞ்சுகள் அம்மாவைப் போலவே இருக்கும். ஆனால் கண் மட்டும் முதலில் கருமையாக இருந்து, பிறகுதான் மஞ்சளாகும்.

கடை வாசலுக்கு ஏன் வருகின்றன என்றால், இரவில் அடைய மரம் இருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் ஆந்தை வந்தால் தெரிந்துவிடுகிறது, கீழே சிந்திக் கிடப்பதைத் தின்னலாம். கூட்டமாக அடைந்தால் எதிரியைப் பார்க்கக் கண்களும் அதிகம். குளிர்காலத்தில் கூட்டம் இன்னும் பெருகும்.

நியூ ஜெர்சியில் எங்கள் புல்வெளிக்கு வருவது இதைவிடச் சிறியது. தலை நீலம், உடம்பெல்லாம் பித்தளை மின்னுவது போல இருக்கிறது. அதுவும் கிராக்கிளா? (எடிசன் வாசகர்)

ஆமாம், அது சாதாரண கிராக்கிள். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே வட அமெரிக்கா முழுக்கப் பரவி வாழும் பறவை. நீளம் 28 முதல் 34 சென்டிமீட்டர். உடம்பு வெண்கல நிறத்தில் மின்னுவது வடக்கிலும் மேற்கிலும் உள்ளவற்றுக்கு. தென்கிழக்கில் ஊதா அதிகம். உங்கள் மாநிலம் இரண்டும் சந்திக்கும் பக்கத்தில் இருப்பதால் இடைப்பட்ட நிறங்களையும் பார்க்கலாம். இதில் பெண்ணும் கருப்புதான். பளபளப்பும் வால் நீளமும் சற்றுக் குறைவு. அட்லாண்டிக் கரையோரச் சதுப்பு நிலங்களில் படகுவால் கிராக்கிள் என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஃபுளோரிடாவில் அதற்குப் பழுப்புக் கண், வடக்கே போகப் போக மஞ்சள் கண்.

பழைய பறவை நூல் ஒன்றில் நம் மலை மைனாவைக் 'கிராக்கிள்' என்று போட்டிருக்கிறது. இரண்டும் உறவா? (கோவை வாசகர்)

உறவில்லை. மலை மைனா, நம் சாம்பல் தலை மைனா, சோளக்குருவி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கிராக்கிள் அந்த நாட்டுக் கரும்பறவைகளின் குடும்பம். அங்குள்ள ஓரியோல்களும் மாட்டுப்பறவையும் அதே குடும்பம்தான். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758-இல் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். பிறகு வந்தவர்கள் பிரித்தார்கள்.

என்னதான் தின்கிறது இது? எங்கள் அலுவலக வாசலில் கார்களின் நம்பர் பிளேட்டைக் கொத்திக்கொண்டு நிற்கிறது. (டாலஸ் வாசகர்)

நெடுஞ்சாலையில் ஓடிவந்த காரின் முன்பக்கத்தில் எத்தனை பூச்சி அடிபட்டு ஒட்டியிருக்கும்! அதைத்தான் ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்கிறது. நின்ற காரில் உணவு இருக்கிறது என்று கண்டுகொண்ட பறவை அது. அதற்காகவே எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

கிராக்கிள் இன்னது தின்னும், இன்னது தின்னாது என்று பட்டியல் போட முடியாது. வெட்டுக்கிளி, வண்டு, புழு, சிலந்தி, மண்புழு, தவளை, பல்லி, தலைப்பிரட்டை, சிறு மீன், எலிக்குஞ்சு, தானியம், பழம், பிற பறவைகளின் முட்டை, குஞ்சு, நாம் கீழே போடும் உருளைக்கிழங்கு வறுவல் எல்லாமே அதற்கு உணவு. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கி மீன் பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். உழவு நடக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து, புரட்டிய மண்ணில் நெளியும் வெண்புழுக்களைப் பொறுக்கும். சாதாரண கிராக்கிள், ஆமையின் காலில் ஒட்டியிருக்கும் அட்டையைக்கூடப் பிடுங்கித் தின்னும். சமயத்தில் வளர்ந்த சிட்டுக்குருவியையே அடித்துக் கொன்றுவிடும். இதை மறைத்துப் பயனில்லை.

அதே சமயம், விதை தின்பதில் அதற்கு ஒரு தனிச் சாதனம் இருக்கிறது. சாதாரண கிராக்கிளின் மேல் அலகுக்குள், அண்ணத்தில், கீழ்நோக்கி ஒரு கடினமான மேடு புடைத்திருக்கும். ஓக் கொட்டையை வாயில் கொடுத்து அலகை அழுத்தி உருட்டினால், அந்த மேட்டின் விளிம்பு ஓட்டைச் சுற்றிலும் கீறிவிடும். இலையுதிர்காலத்தில் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள். கொட்டையை அலகில் இரண்டு மூன்று முறை திருப்பும். 'டக்' என்று ஒரு சத்தம். ஓடு இரண்டாகக் கீழே விழும். கீறல் நேராக, கத்தியால் அறுத்ததுபோல இருக்கும்.

மக்காச்சோள விவசாயிக்கு இது பெரும் நஷ்டம் என்பதும் உண்மை. முளையையும் பிடுங்கும், பால் பிடித்த கதிரின் மடலைக் கிழித்தும் தின்னும்.

தீனித் தட்டில் விதை வைத்தால் சிறு குருவிகளை விரட்டிவிட்டு இதுவே முழுவதும் காலி செய்கிறது. என்ன செய்ய? (வர்ஜீனியா வாசகி)

உடைத்த மக்காச்சோளத்தையும், தரையில் இறைப்பதையும் நிறுத்துங்கள். குழாய் வடிவத் தீனிக்கூடு வாங்கி, பறவை உட்காரும் குச்சிகள் குட்டையாக இருக்கும்படி பாருங்கள். இவ்வளவு பெரிய பறவையால் அதில் வசதியாக உட்கார முடியாது. சூரியகாந்திக்குப் பதில் குசும்பா விதை போடுங்கள். கார்டினல் குருவி விரும்பித் தின்னும், கிராக்கிளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வசந்தம் கழிந்து கூட்டம் கலைந்ததும் பழையபடி வைக்கலாம்.

பால்கனிக்கு எதிரே ஓக் மரத்தில் ஒரே சமயத்தில் பல கூடுகள். ஆண்கள் கிளையில் நின்று கத்துவதோடு சரி. வேலையெல்லாம் பெண்ணா செய்கிறது? (ஆஸ்டின் வாசகி)

முழுக்க முழுக்கப் பெண்தான். பெருவால் கிராக்கிளில் இணை சேர்ந்து குடும்பம் நடத்தும் வழக்கமே கிடையாது. ஓர் ஆண் ஒரு மரத்தையோ அதன் ஒரு பகுதியையோ தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். அங்கே வந்து கூடு கட்டும் பெண்கள் பலவற்றோடும் கூடும். ஆணின் வேலை காவல். எல்லையில் இன்னொரு ஆண் வந்தால் இரண்டும் அருகருகே நின்று, கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். யாரோ ஒருவர் தோற்றுப் போகும்வரை அப்படியே. பெண் வந்தால் ஆண் தன் உடம்பு இறகையெல்லாம் உப்பி, சிறகை நடுக்கி, எண்ணெய் காணாத இரும்புக் கதவைத் திறப்பது மாதிரிக் கத்தும்.

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னலுக்கு நேரே இப்படி ஒரு லைவ் ஓக் (ஓக் மரத்தில் ஒரு வகை) இருக்கிறது. அதில் ஒரு பெண் கூடு கட்டியதை அடி முதல் நுனிவரை பார்க்க வாய்த்தது. கவடான கிளையில் முதலில் நீண்ட புல் தண்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டியது. பிறகு குளத்தோரச் சம்பங்கோரையின் நார். அதன் பிறகு வந்தவை நம் வீட்டுச் சாமான்கள். பாலிதீன் பையின் கிழிசல், பார்சல் கட்டிய நீல நாடா ஒன்று, ஒரு காகிதத் துண்டு. நீல நாடாவை அது ஒரு முறை உள்ளே செருகிவிட்டுப் போனது. அது திரும்பி வருவதற்குள் பக்கத்துக் கிளைக்காரி வந்து, அதே நாடாவின் நுனியைப் பிடித்து உருவி, தன் கூட்டில் வைத்துக்கொண்டது. கூட்டுச் சாமான் திருடுவது இவற்றுக்குள் சகஜம். கடைசியில் ஈர மண்ணைக் கொண்டுவந்து உட்புறம் பூசியது. மாட்டுத் தொழுவம் அருகில் இருந்தால் சாணத்தையும் பூசும். அதன் மேல் மெல்லிய புல் பரப்பினால் கூடு முடிந்தது.

முட்டை பெரும்பாலும் மூன்று, நான்கு. வெளிர் நீலத்தில், பேனாவைக் கையில் பிடித்த குழந்தை கிறுக்கியது போன்ற கரும்பழுப்புக் கோடுகள் இருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் பெண் மட்டும் அடைகாக்கும். குஞ்சுக்கு ஊட்டுவதும் அதுதான். மரம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பதை இவை விரும்பும்; அதனால்தான் ஆஸ்டின் ஏரிக்கரை, ஓடைக்கரை எங்கும் காலனி காலனியாகப் பார்க்கிறீர்கள்.

சாதாரண கிராக்கிள் கொஞ்சம் வேறு. அது ஜோடி சேரும். ஊசியிலை மரங்களைத் தேடி, வசந்தம் தொடங்கியதுமே கூடு கட்டும். இலையுதிர் மரங்கள் துளிர்க்கும் முன்பே மறைவு வேண்டுமே. நான்கு ஐந்து முட்டை இருக்கும். அடைகாப்பது அதிலும் பெண்தான். பாதி ஆண்கள் அடைகாக்கும் காலத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடும். மீதிப் பாதி குஞ்சுக்குத் தீனி கொண்டுவரும். சில சமயம் ஆஸ்ப்ரே என்னும் மீன்பிடிப் பருந்தின் பெரிய கூட்டின் அடிப்பாகத்துச் சுள்ளிகளுக்கு இடையிலேயே போய்க் கட்டிக்கொள்ளும்.

படகுவால் கிராக்கிளில் ஒரு வியப்பு. காலனியின் தலைவனாக நிற்கும் ஆண்தான் பெரும்பாலான பெண்களோடு கூடும். ஆனால் மரபணுச் சோதனை செய்தபோது குஞ்சுகளில் சுமார் கால் பங்குதான் அதனுடையவை என்று தெரிந்தது. மற்றவை, பெண்கள் காலனிக்கு வெளியே போய்ச் சந்தித்த ஆண்களுடையவை.

எங்கள் நீச்சல் குளத்தில் மே மாதம் முழுவதும் சிறு வெள்ளைப் பொட்டலங்கள் மிதக்கின்றன. என்ன அது? (ஒஹாயோ வாசகர்)

கிராக்கிள் குஞ்சுகளின் எச்சம். குஞ்சு கழிக்கும் எச்சம் ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் கட்டுப்பட்டு வெளிவரும். தாய் அதை அலகில் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டுக்குத் தொலைவில் போடும். கிராக்கிளுக்கு அதை நீரில் போடும் பழக்கம். ஓடையில் போட்டால் அடித்துக்கொண்டு போய்விடும், கூடு எங்கிருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாது. குளமும் ஓடையும் வேறு என்பது அதற்குத் தெரியாது அல்லவா? இரண்டு மூன்று வாரம் குளத்துக்கு மூடி போட்டு வையுங்கள். குஞ்சுகள் பறந்ததும் நின்றுவிடும்.

சத்தம் தாங்கவில்லை. கூட்டைக் கலைத்துவிடலாமா? (சான் அன்டோனியோ வாசகர்)

முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைத் தொடாதீர்கள். அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டம் கிராக்கிளையும் காக்கிறது. பயிரை அழிக்கும் கூட்டங்களுக்கு விதிவிலக்கு உண்டு. வீட்டு மரத்துச் சத்தம் அதில் சேராது. கட்டத் தொடங்கிய வெறுங்கூட்டை நீக்கலாம். ஆனால் அடுத்த நாளே மறுபடி கட்டும். ஆண்டுக்கணக்கில் அடைந்த மரத்தடியில் குவிந்த எச்சத்தை மட்டும் உலர்வாகப் பெருக்க வேண்டாம். அந்த மண்ணில் வளரும் ஒரு பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து சுத்தம் செய்யுங்கள்.

ஆகஸ்டில் வாலே இல்லாமல், தலை மொட்டையாகத் திரிகின்றனவே, நோயா? (ஹூஸ்டன் வாசகர்)

நோய் இல்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் பழைய இறகு முழுவதையும் உதிர்த்துப் புதிதாக வளர்க்கும். அக்டோபரில் மறுபடி பாருங்கள்.

புல்தரையில் எறும்புகள் மேல் சிறகை விரித்துக் குந்தியிருந்தது. அடிபட்டதா? (மேரிலாந்து வாசகி)

அடிபடவில்லை. எறும்பை இறகில் ஏறவிடுகிறது. எறும்பு சுரக்கும் பார்மிக் அமிலம் இறகிலுள்ள ஒட்டுண்ணிகளைப் போக்க உதவலாம் என்று கருதுகிறார்கள். எறும்பு கிடைக்காதபோது எலுமிச்சைத் தோலையும், அந்துருண்டையையும்கூட எடுத்துத் தேய்த்துக்கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

குடத்தில் கல் போட்டு நீர் குடித்த காக்கை மாதிரி இதற்கும் அறிவு உண்டா? (மதுரை, பள்ளி மாணவி)

நல்ல கேள்வி, கண்ணு. அதே சோதனையைக் கிராக்கிளுக்கும் வைத்தார்கள். கொரினா லோகன் என்ற ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பெருவால் கிராக்கிள்களைப் பிடித்துச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார். முதலில் கல்லைக் குழாயில் தள்ளினால் தீனி கிடைக்கும் என்று பழக்கினார். பிறகு தண்ணீர் உள்ள குழாயில் தீனியை மிதக்கவிட்டார். கல்லைப் போட்டு நீரை உயர்த்தித் தீனியை எடுத்தன. கனமான பொருளும் லேசான பொருளும் வைத்தபோது, நீரை அதிகம் உயர்த்தும் கனமானதைச் சில பறவைகள் விரும்பின. அடுத்துக் கனமானதைக் காந்தத்தால் ஒட்டவைத்துப் பயனில்லாமல் செய்தார். அப்போது சில, தம் விருப்பத்தை மாற்றிக்கொண்டன. பழகிய வழி பலிக்காதபோது வேறு வழிக்குப் போவது என்பது மனிதருக்கே கடினம்.

பார்படோஸ் தீவில் வாழும் கரீபியக் கிராக்கிள், காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் முக்கி மெதுவாக்கித் தின்னும். முக்கும் நேரம் பார்த்து இன்னொன்று வந்து பறித்துக்கொண்டு ஓடும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் அதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெருகியிருக்கும் தொல்லைப் பறவைக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள்? (டாலஸ் வாசகர்)

பெருகியதற்கு நாமே காரணம் என்பதால். இது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பறவை. பழைய மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் மக்களின் பேரரசர் அஹுயிட்சோட்டல் (ஆட்சிக்காலம் 1486–1502) வளைகுடாக் கரையோரத்திலிருந்து கிராக்கிள்களைத் தம் தலைநகரம் தெனோச்டிட்லானுக்குக் கொண்டுவரச் செய்தார். தீனி வைத்து வளர்த்தார்கள். யாரும் கல்லெறியக் கூடாது என்று கட்டளை இருந்தது. ஸ்பானியத் துறவி சஹாகுன் 16-ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவில் 1880-இல் அதன் இனப்பெருக்கப் பரப்பு சுமார் 64,000 சதுர கிலோமீட்டர்தான். 2000-இல் 35 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நாம் காட்டைத் திருத்திப் பாசன வாய்க்கால் வெட்டினோம், புல்வெளி வளர்த்தோம், பார்க்கிங்கில் மரம் வைத்தோம். தண்ணீர், திறந்த வெளி, அடைய மரம் மூன்றும் அதற்கு ஓரிடத்தில் கிடைத்தன.

ஆனால் 'நிறைய இருக்கிறது' என்பதை நம்பி எந்தப் பறவையையும் அலட்சியம் செய்ய எனக்கு மனம் வராது. சாதாரண கிராக்கிளைப் பாருங்கள். 1974-க்குப் பிறகு, தெற்கு மாநிலங்களில் குளிர்காலக் கூட்டங்கள் அடைந்த காடுகளின் மேல், இறகின் எண்ணெய்ப்பசையைப் போக்கும் திரவத்தை விமானத்திலிருந்து தெளித்தார்கள். மழையிலும் குளிரிலும் நனைந்த பறவைகள் உறைந்து செத்தன. கிராக்கிளும் அதனோடு அடையும் மற்றக் கரும்பறவைகளுமாகக் கோடிக்கணக்கில் மாண்டன. 1992-இல்தான் அந்தத் திரவம் கைவிடப்பட்டது. 1966 முதல் நடக்கும் கணக்கெடுப்புகளின்படி சாதாரண கிராக்கிளின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் சரிந்துவிட்டது. 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அச்சுறுத்தலை நெருங்கிய இனம் என்று பட்டியலில் சேர்த்தது. எடிசன் வாசகரின் புல்வெளிக்கு வரும் அதே பறவைதான்.

மெல்லலகுக் கிராக்கிள் என்று இன்னொன்று இருந்தது. மெக்சிகோ நகரத்துக்கு அருகே லெர்மா ஆற்றின் தலைப்பகுதிச் சதுப்பில் மட்டும் வாழ்ந்தது. சதுப்பை வடித்தார்கள், 1910-ஐ ஒட்டி அந்த இனம் அடியோடு மறைந்தது. பார்க்கிங்குக்குப் பழகிக்கொள்ள அதற்கு முடியவில்லை.

கிராக்கிளை நன்றாகப் பார்க்க எது நல்ல நேரம்? (ஆஸ்டின் வாசகர்)

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முழுவதும், காலை எட்டு மணிக்குள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெரியும். தொலைநோக்கி தேவையில்லை, பத்தடி தூரம்வரை வரும். குஞ்சு தரையில் விழுந்திருந்தால் எடுத்துப் போகாதீர்கள், தாய் பக்கத்திலேயே இருக்கும். மரத்தடியில் நெடுநேரம் நின்றால் தலையில் வந்து மோதவும் கூடும். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.